கோடிட்ட இடம்

1999ஆம் வருசம். இங்கிலீஷ் எடுக்கிற வாத்தியார்களுக்கு மாவட்ட அளவில் ஐந்து நாள் பயிற்சி போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு அப்புறம் கரும்பலகையில் 'அனுபவப் பகிர்வு' என்று எழுதினார்கள். பள்ளிக்கு ஒருவர் எழுந்து, தான் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான்.

டவுன் பள்ளிக்காரர் ஒருத்தர் எழுந்தார். தன் பிள்ளைகள் எல்லாரும் பாஸ் என்றார். அடுத்தவர் எழுந்தார். தான் நாடகம் போட்டுச் சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னார். அதற்கடுத்தவர் அட்டை வெட்டி எழுத்து கற்றுக்கொடுப்பதாகச் சொன்னார். எல்லாம் ஜெயித்த கதை. தோற்ற கதை ஒருத்தரிடமும் இல்லை. அப்புறம் ஒருத்தர் எழுந்து, "எங்க ஸ்கூல்ல காலனிப் பசங்க ஜாஸ்தி சார். அதுங்களுக்குத் தமிழே ஒழுங்கா வராது, இங்கிலீஷுக்கு எங்க நாக்கு திரும்பும்?" என்றார். சிரித்தார்கள். பயிற்சி கொடுத்தவரும் லேசாகச் சிரித்துவிட்டு, கையிலிருந்த பட்டியலைப் பார்த்து, "ஆதிதிராவிடர் நலப் பள்ளி யாரு? நீங்க சொல்லுங்க" என்றார். நாற்பது தலை என் பக்கம் திரும்பியது.

நான் எழுந்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. காலையிலிருந்து மனசுக்குள்ளேயே கோர்த்துக் கோர்த்து வைத்திருந்த ஒரே ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தைச் சொன்னேன்: "அவர் சில்ரன் ஆர் ஸ்லோ லேர்னர்ஸ், சார்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வாக்கியத்தில் தப்பு ஏதும் இல்லை. துறையிலும் அப்படித்தான் எழுதுவார்கள், 'மெல்லக் கற்போர்' என்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தலையாட்டினார். தப்பித்தேன் என்று இருந்தது.

அந்த வகுப்பில் என் அக்கா மகன் படித்துக்கொண்டிருந்தான்.

சாயந்திரம் பஸ்ஸில் வரும்போது அதுதான் அறுத்துக்கொண்டே வந்தது. காலனிப் பசங்களுக்கு நாக்கு திரும்பாது என்று அவர் தமிழில் சொன்னார். நான் அதையே இங்கிலீஷில் சொன்னேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் இங்கிலீஷ் வாத்தியாராக வேண்டும் என்று வேலைக்கு வந்தவன் இல்லை. அரசு கல்லூரியில் தமிழ் வழியில் வரலாறு படித்தேன். பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருசக்கணக்காகக் காத்துக் கிடந்து, 1994இல் விழுப்புரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர் நலத்துறை உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சேர்ந்தேன். சேர்ந்த அன்றைக்கே தலைமையாசிரியர், "வரலாறுதானே? ஆறு, ஏழு, எட்டுக்கு இங்கிலீஷும் எடுத்துக்கோங்க" என்றார். அந்தக் காலத்தில் இது சாதாரணம். வரலாறு படித்தவரும் இங்கிலீஷ் எடுப்பார், அறிவியல் படித்தவரும் எடுப்பார். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் ஃபெயிலாகி இரண்டாம் தடவை எழுதிப் பாஸானவன் நான். அதை வெளியில் சொல்லவில்லை. முதல் நாள் ராத்திரி கோனார் நோட்ஸை மனப்பாடம் பண்ணி, மறுநாள் போய் ஒப்பிப்பேன். பிள்ளைகள் ஏதாவது கேள்வி கேட்டுவிடுவார்களோ என்று பயம். அதனால் கேள்வி கேட்க விடமாட்டேன். கேள்வி கேட்காத வகுப்பை அமைதியான வகுப்பு என்று தலைமையாசிரியர் பாராட்டினார்.

என் பயத்துக்கு வேர் 1975இல் இருக்கிறது. அப்போது நான் ஆறாம் வகுப்பு. எங்கள் சேரியிலிருந்து ஏரிக்கரை மேலே நடந்து பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போவோம். இங்கிலீஷ் வாத்தியார் கரும்பலகையில் 'மை ஃபாதர் இஸ் எ' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டார். கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். உதாரணத்துக்கு டாக்டர், டீச்சர், ஃபார்மர், போலீஸ்மேன் என்று ஓரமாக எழுதியிருந்தார். ஒவ்வொருத்தனாக எழுந்து சொல்ல வேண்டும்.

எங்கப்பா படியாள். ஊர்க்காரர் ஒருவர் நிலத்தில் விடியலில் போனால் இருட்டித்தான் வருவார். ஏர் பிடித்தால் நூல் பிடித்த மாதிரி சால் விழும். நாற்றுவிடுகிற பக்குவம், மடை திருப்புகிற நேரம், எல்லாம் அவரைக் கேட்டுத்தான் நடக்கும். வேறென்ன சொல்வது? என் முறை வந்ததும் எழுந்து, "மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்" என்றேன். சரியாகத்தான் சொன்னேன்.

வாத்தியார் சிரித்தார். "ஃபார்மரா? உங்கப்பனுக்கு எங்கடா நெலம் இருக்குது? கூலின்னு சொல்றா. மை ஃபாதர் இஸ் எ கூலி."

வகுப்பே சிரித்தது. எங்கப்பா வேலை செய்கிற நிலத்துக்காரர் வீட்டுப் பையன் முன் பெஞ்சில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தான். நான் "மை ஃபாதர் இஸ் எ கூலி" என்று மூன்று தடவை சொன்னேன். சத்தமாகச் சொல்லச் சொன்னார்.

எங்கப்பாவுக்கு ஏன் நிலமில்லை என்பதற்கான பதில் எனக்கு வரலாறு படித்த பிறகுதான் கிடைத்தது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்கீர் பறையர்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை கொடுத்ததும், 1892இல் பஞ்சமர்களுக்கு நிலம் கொடுக்க அரசாங்கம் உத்தரவு போட்டதும், அந்தப் பஞ்சமி நிலமெல்லாம் கைமாறி ஊர்க்காரர்களிடம் போய்ச் சேர்ந்ததும் எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குச் சொல்லித் தரப்படவில்லை. நான் வேலையில் சேர்ந்த அதே 1994இல்தான் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடினார்கள். அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேர் உயிர் போனது. "உங்கப்பனுக்கு எங்கடா நெலம்?" என்ற கேள்வி இங்கிலீஷ் பாடத்துக் கேள்வி இல்லை. ஆனால் எனக்கு அது இங்கிலீஷ் வகுப்பில்தான் கேட்கப்பட்டது. அதற்கப்புறம் இங்கிலீஷ் என்றாலே அந்தக் கேள்விதான் காதில் விழும்.

பயிற்சி முடிந்து சில மாதம் கழித்து, விடைத்தாள் திருத்துகிற மையத்தில் மரக்காணம் பக்கத்து வாத்தியார் ஒருவரைப் பார்த்தேன். அவரும் நலத்துறைப் பள்ளிதான். அந்த ஐந்து நாள் பயிற்சிக்கு வந்திருந்தவர், அன்றைக்கு நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவர். டீ குடிக்கும்போது அவரே ஆரம்பித்தார். "அன்னிக்கு நீங்க எழுந்து சொன்னீங்களே சார், நல்லவேளை என்னைக் கூப்புடலன்னு நெனச்சேன். கூப்ட்டிருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்." இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவர், "நமக்குள்ள நாமளே பேசிக்கினா இன்னா சார்?" என்றார்.

இப்படித்தான் 2000ஆம் வருசம் இரண்டாம் சனிக்கிழமைகளில் திண்டிவனத்தில் கூட ஆரம்பித்தோம். முதலில் பஸ் ஸ்டாண்டு டீக்கடை. அங்கே சத்தமும் ஜாஸ்தி, வேடிக்கை பார்க்கிறவர்களும் ஜாஸ்தி. பிறகு மாணவர் விடுதி வார்டன் ஒருவர் தன் அறையைத் திறந்துவிட்டார். பாய் விரித்து உட்கார்ந்துகொள்வோம். ஆறு பேர், சில மாதம் ஒன்பது பேர். செஞ்சிப் பக்கம் இருளர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற தம்பி ஒருத்தர். துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்புப் பிள்ளைகள் படிக்கிற நகராட்சிப் பள்ளி டீச்சர் ஒருவர். ரிட்டையர் ஆக இரண்டு வருசம் இருந்த பெரியவர் ஒருவர். அவரை நாங்கள் எல்லாருமே அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சங்கம் இல்லை, பேர் இல்லை, சந்தா இல்லை. ஒரே ஒரு நிபந்தனை டீச்சர் போட்டது: "ஜெயிச்ச கதைய யாரும் சொல்லக் கூடாது. இந்த மாசம் வகுப்புல எங்க தோத்தீங்க, அதச் சொல்லுங்க." சொல்வதையெல்லாம் ஒரு நீளநோட்டில் எழுதி வைப்போம்.

முதல் கூட்டத்தில் நான் 'ஸ்லோ லேர்னர்ஸ்' கதையைச் சொன்னேன். பத்தாம் வகுப்பில் ஃபெயிலானதையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அண்ணன், "நான் ரெண்டு தபா" என்றார். மரக்காணத்துக்காரர், "எனக்கு இன்னும் 'தி' எங்க போடணும், 'எ' எங்க போடணும்னு தெரியாது சார். தமிழ்ல அப்படி ஒண்ணு இல்லவே இல்லியே" என்றார். அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் அதற்கு முன்னால் சிரித்தது இல்லை. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் சிரிக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து எங்களையே பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு பயம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. பயம் விட்டதும் பாடம் கண்ணுக்குத் தெரிந்தது. நாக்கு திரும்பாது என்றார்களே, அதைத்தான் முதலில் எடுத்துக்கொண்டோம். எங்கள் பிள்ளைகள் ஸ்கூலை 'இஸ்கூல்' என்கிறார்கள், ஸ்டூலை 'இஸ்டூல்' என்கிறார்கள். ஊர்த்தெருப் பிள்ளையும் அப்படித்தான் சொல்கிறது, பலசரக்குக் கடைக்காரரும் அப்படித்தான் சொல்கிறார். தமிழ்ச் சொல் இரண்டு மெய்யெழுத்தில் தொடங்காது. அதனால் முன்னால் ஒரு 'இ' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அது தமிழ் நாக்கு. அதைச் சேரி நாக்கு என்று எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். இந்தச் சின்ன விசயத்தைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு இருபத்தைந்து வருசத்துப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

தமிழில் 'ப' ஒன்றுதான். இங்கிலீஷில் பென் என்பதில் வருகிற 'ப' வேறு, பேக் என்பதில் வருகிற 'ப' வேறு. இதை எப்படிக் காட்டுவது? செஞ்சித் தம்பி ஒரு வழி சொன்னார். ஒரு துண்டுக் காகிதத்தை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு 'பென்' என்று சொல்ல வேண்டும். இங்கிலீஷ்காரன் சொல்கிற மாதிரி காற்றோடு சொன்னால் காகிதம் படபடக்கும். 'பேக்' என்றால் படபடக்காது. மறுநாள் என் வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் காகிதம் பிடித்து ஊதித் தள்ளினார்கள். பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்த்து, "இன்னா சார், காத்தாடி விடறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அண்ணன் சொன்னது இன்னொன்று. பிள்ளைகளுக்கு இங்கிலீஷே தெரியாது என்று ஆரம்பிக்கக் கூடாது. அவர்களிடம் இருக்கிற இங்கிலீஷை முதலில் எண்ணச் சொல்ல வேண்டும். பஸ், டிக்கெட், டீ, கிளாஸ், சைக்கிள், பெல், பிரேக், மோட்டார், பம்பு, பக்கெட், ரேசன், கார்டு, கோர்ட்டு, கேசு, ஸ்டேசன், எஃப்.ஐ.ஆர். என் ஏழாம் வகுப்பில் ஒரே மணி நேரத்தில் கரும்பலகை நிறைந்தது. கோர்ட்டு, கேசு, ஸ்டேசன் எல்லாம் எங்கள் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது. ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

டீச்சர் சொன்ன அனுபவம் 'யூ' பற்றியது. 'யூ' என்பதற்கு 'நீ' என்று எழுதிப் போட்டிருக்கிறார். ஒரு பெண் பிள்ளை எழுந்து, "டீச்சர், பெரியவங்களுக்கு இன்னா?" என்று கேட்டிருக்கிறது. "அதுவும் யூதான்." "சின்னப் பசங்களுக்கு?" "யூதான்." அந்தப் பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எங்க தாத்தாவ அவங்க வீட்டுப் பையன் வாடா போடான்னு இங்கிலீஷ்ல கூப்புட முடியாதா?" என்று கேட்டிருக்கிறது. இதைச் சொல்லும்போது டீச்சருக்குக் குரல் உடைந்துவிட்டது. உடனே மரக்காணத்துக்காரர், "இங்கிலீஷ்லயும் திட்டறவன் திட்டிக்கினுதான் இருப்பான் டீச்சர். வெள்ளைக்காரன் நம்மள தட்டுல வச்சா கும்புட்டான்?" என்றார். அதுவும் உண்மைதான். 1854இலேயே சாவித்திரிபாய் புலே இங்கிலீஷ் படியுங்கள் என்று கவிதை எழுதினார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் நமக்காகப் பேச அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் போனார்கள். இங்கிலீஷ் தெரிந்ததால் அங்கே பேச முடிந்தது. இங்கிலீஷ் சாமியும் இல்லை, சனியனும் இல்லை. கைக்கு வேண்டிய சாமான். இதில் எங்களுக்குள் சண்டை வந்தது, தீரவில்லை. தீர வேண்டும் என்றும் இல்லை.

ஒரு கூட்டத்தில் நான் 1975ஆம் வருசத்துக் கோடிட்ட இடத்தைச் சொன்னேன். பாடப் புத்தகம் எத்தனை தடவை மாறினாலும் 'மை ஃபாதர் இஸ் எ' எங்கேயோ ஒரு மூலையில் வந்துகொண்டுதான் இருந்தது. என் பிள்ளைகளில் சிலர் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். சிலர் ஃபார்மர் என்று எழுதுவார்கள். நான் பேசாமல் சரி போட்டுவிடுவேன். டீச்சர்தான் வழி சொன்னார். "சார், 'இஸ் எ'ன்னு கேட்டா அவன் இன்னாவா இருக்கான்னு கேக்கற மாதிரி. அதுக்கு இந்த ஊர்ல ஒரே பதில்தான். 'கேன்'னு மாத்திப் பாருங்க. மை ஃபாதர் கேன். எங்கப்பாவுக்கு இன்னா தெரியும்? அப்ப வேற வரும்."

எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்க பசங்க அப்பா சாக்கடைக் குழியில எறங்கறாங்களேம்மா. மை ஃபாதர் கேன் கிளீன் எ செப்டிக் டேங்க்குன்னு ஒருத்தன் எழுதுனா, வெரிகுட்னு போடுவீங்களா?" டீச்சர் பதில் பேசவில்லை. மலம் அள்ளும் வேலையில் மனிதர்களை வைக்கக் கூடாது என்று 1993இலேயே சட்டம் வந்தது. 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. குழியில் இறங்கிச் சாகிறவர்கள் செய்தி இன்றைக்கும் வருகிறது. அன்றைக்கு அறையில் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில், அப்பாவைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று இல்லை, பிள்ளை யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுதட்டும் என்று முடிவானது.

மறுவாரம் என் வகுப்பில் 'கேன்' நடத்தினேன். நோட்டுகள் வந்தன. மை ஆயா கேன் கேட்ச் கிராப்ஸ். மை மதர் கேன் லிஃப்ட் டூ பாட்ஸ். மை சிஸ்டர் கேன் கோ டு திண்டிவனம் அலோன். மை அங்கிள் கேன் ப்ளே பறை. திருத்தும்போது எனக்கே சந்தோசம். அடுத்த நாள் 'கேன் நாட்' நடத்திவிட்டு அதற்கும் வாக்கியம் எழுதச் சொன்னேன். ஒரு பையன் இப்படி எழுதியிருந்தான்: 'மை ஃபாதர் கேன் நாட் சிட் இன் தி டீ ஷாப்.'

எங்கள் பள்ளிக்கூடத்து ஊரில் அப்போது டீக்கடையில் தனிக் கிளாஸ். பெஞ்சில் நம்மவர்கள் உட்கார முடியாது. தரையில் குந்திக் குடித்துவிட்டு, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் அந்த ஊரில் டீயே குடிக்கமாட்டேன். அதுதான் நான் கண்டுபிடித்து வைத்திருந்த வழி.

சிவப்பு மைப் பேனா கையில் இருக்கிறது. எழுத்துப் பிழை இல்லை. சரி போட வேண்டியதுதான். எனக்குக் கை வரவில்லை. தலைமையாசிரியர் மாசம் ஒரு தடவை நோட்டைப் பார்ப்பார். தனி தாசில்தார் ஆய்வுக்கு வந்தால் அவரும் புரட்டுவார். ஊர்க்காரர்கள் காதுக்குப் போனால்? அந்தப் பையனைக் கூப்பிட்டேன். "இது வேணாம்பா. கேன் நாட்டுக்கு வேற எழுது. ஃப்ளை போட்டு எழுது" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. முதல் வாக்கியத்தை அடித்துவிட்டு, கீழே 'மை ஃபாதர் கேன் நாட் ஃப்ளை' என்று எழுதிக்கொண்டு வந்தான். சரி போட்டேன்.

அந்த மாசக் கூட்டத்தில் நான் தோற்ற கதை இதுதான். யாரும் என்னைத் திட்டவில்லை. டீச்சர் மட்டும், "அந்த வாக்கியம் இன்னா சார்? திரும்பச் சொல்லுங்க" என்று கேட்டு, எங்கள் நோட்டில் தேதி போட்டு எழுதினார். எழுதிவிட்டு, "நீங்க அடிச்சீங்க. இங்க இருக்கட்டும்" என்றார்.

மாறுதல், ஓய்வு, கல்யாணம், சாவு என்று ஆளுக்கொரு பக்கம் போய் 2009இல் எங்கள் கூட்டம் நின்றுபோனது. அண்ணன் இப்போது இல்லை. மூன்று நோட்டு நிறைந்திருந்தது. மூன்றும் என்னிடம் இருக்கிறது.

2012இல் மறுபடி ஒரு பயிற்சி. வேறு ஊர், வேறு ஆட்கள். மூன்றாம் நாள் மத்தியானம் அதே 'அனுபவப் பகிர்வு'. என் முறை வந்தது. இந்தத் தடவை நோட்டைக் கொண்டு போயிருந்தேன். எழுந்து, "எனக்கு ஒரு சந்தேகம் சார்" என்று ஆரம்பித்து, கரும்பலகையில் அந்த வாக்கியத்தை எழுதினேன். இது சரியா தப்பா என்று கேட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல், "இங்கிலீஷ் டிரெய்னிங்ல எதுக்கு சார் சாதிய இழுக்கறீங்க?" என்றது. நான் சாதி என்ற சொல்லையே சொல்லவில்லை. எழுதினதைப் படித்தவருக்கே அது தெரிந்திருக்கிறது.

பயிற்சி கொடுத்தவர் இளைஞர். அவர் வாக்கியத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தமிழிலேயே சொன்னார்: "இலக்கணப்படி தப்பில்ல சார். ஆனா 'கேன் நாட்'னா முதல்ல அவரால முடியாதுன்னுதான் தோணும். உட்கார அவரால முடியும். விடல. அத 'இஸ் நாட் அலவுட் டு'ன்னு எழுதுனா தெளிவா இருக்கும்." வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் முப்பது வாத்தியார்களுக்கு முன்னால், அவரால் முடியும், விடவில்லை என்று ஒரு வாத்தியார் வாயால் சொல்லிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

திரும்பி வந்து எட்டாம் வகுப்பில் அதை நடத்தினேன். 'மை ஃபாதர் இஸ் நாட் அலவுட் டு சிட் இன் தி டீ ஷாப்.' டீக்கடையில் அப்போது கண்ணாடிக் கிளாஸ் போய்ப் பிளாஸ்டிக் கப்பு வந்திருந்தது. தனிக் கிளாஸ் பிரச்சினை தீர்ந்தது என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். பெஞ்சு மட்டும் அப்படியேதான் இருந்தது. அந்த வருசம் பிள்ளைகளுக்கு ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தேன். யார் செய்தது என்பதைக் கடைசியில் 'பை' போட்டு எழுத வேண்டும் என்று பரீட்சைக்காகத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன். ஒரு பெண் பிள்ளை கை தூக்கியது. "சார், இதுல 'பை' காணோமே. யாரு விடலன்னு போட வேணாமா?"

நான் 'பை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டேன். நீங்களே நிரப்புங்கள் என்றேன்.

ஒருத்தன் கடைக்காரர் பெயரைப் போட்டான். ஒருத்தி 'தி வில்லேஜ்' என்றாள். இன்னொருத்தன் 'தெம்' என்று மட்டும் எழுதினான். அதை ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டதற்கு, "பேரு போட்டா அப்பாவுக்கு வேல போயிடும் சார்" என்றான். மூன்றுக்கும் சரி போட்டேன். பேனா நடுங்கத்தான் செய்தது. ஆனால் அடித்து எழுதச் சொல்லவில்லை.

2024இல் ஓய்வு பெற்றேன். 'ஃப்ளை' என்று எழுத வைத்தேனே, அந்தப் பையனைச் சில வருசத்துக்கு முன்னால் மேல்மருவத்தூர் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். சென்னையில் கட்டட வேலை. நான் அந்த வாக்கியத்தைச் சொல்லி, "அன்னிக்கு நான் பண்ணுனது தப்புப்பா" என்றேன். "ஞாபகம் இல்ல சார்" என்றான். பஸ் வந்தது, ஏறிக்கொண்டான். நிஜமாகவே ஞாபகம் இல்லையா, என்னிடம் சொல்லப் பிடிக்கவில்லையா, எனக்குத் தெரியாது.

இதைப் படிக்கிறவர்களில் வாத்தியார்கள், டீச்சர்கள் இருப்பீர்கள். நலத்துறைப் பள்ளிகள் மட்டுமே ஆயிரத்துக்கும் மேலே இருக்கின்றன. ஊருக்கு ஊர் இரண்டு பேர், மூன்று பேர் கூடினால் போதும். அறை வேண்டாம், டீக்கடையும் போதும், பெஞ்சில் உட்கார விட்டால். ஜெயித்த கதையை விடுங்கள், அதைச் சொல்ல வேறு இடம் இருக்கிறது. எந்தப் பிள்ளையின் எந்த வாக்கியத்தை நீங்கள் அடித்தீர்கள், அதை எழுதுங்கள். என் மூன்று நோட்டில் கடைசி நோட்டின் பின்பக்கம் இன்னும் முப்பது தாள் காலியாகத்தான் இருக்கிறது.